பால் இல்லாத தேத்தண்ணிக்கு எந்தத் தேக்கோ வாங்கலாம்?

சென்ற ஆண்டு அப்பாவுக்கு இனிப்பு நீர் என்று தெரிந்ததும் கிளினிக்கில் முதலில் நிறுத்தச் சொன்னது கெட்டிப்பாலைத்தான். அதுவரை நாளுக்கு நான்கு தே தாரிக், அதாவது கெட்டிப்பால் கலந்து இழுத்து ஆற்றிய தேத்தண்ணி, குடித்தவர் அவர். பசியாறும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் கூட்டாளிகளோடு ஒன்று, இரவு ரொட்டிக்கு ஒன்று. பால் போனதும் கடையில் தே ஓ கோசோங் கேட்கத் தொடங்கினார். பாலும் இல்லை, சீனியும் இல்லை. மூன்றாம் நாள் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, "நாக்கைப் பிடிச்சு இழுக்குதுய்யா, இதுக்குச் சுடுதண்ணியே குடிச்சிடலாம்" என்றார்.

அவர் நாக்கில் தவறு இல்லை. கடைத் தேத்தண்ணி பாலுக்கென்றே போடப்படுவது. தூளிலிருந்து வேகமாக இறங்கும் துவர்ப்பைப் பாலில் உள்ள கேசின் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் அவ்வளவு கடுப்பான சாயமும் கெட்டிப்பாலோடு சேர்ந்தால் வழுவழுவென்று இறங்குகிறது. பாலை எடுத்துவிட்டால் அந்தத் துவர்ப்பு நேராக நாக்குக்கு வந்துவிடும். ஆக, பாலை நிறுத்தினால் போதாது. தூளையும் மாற்ற வேண்டும், போடும் விதத்தையும் மாற்ற வேண்டும். அப்படித்தான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டுக்கு இலைத் தேயிலை வந்தது. அதற்கு ஒரு தேக்கோ தேவைப்பட்டது. (தேநீர்க் குடுவை என்பது நல்ல சொல்தான். ஆனால் எங்கள் வீட்டில் மலாய்ச் சொல்லே பழக்கம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.)

எதை வாங்குவது என்று முடிவு செய்ய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. இருந்தது, இரவல் வாங்கியது, புதிதாக வாங்கியது என்று பல வகையிலும் போட்டுப் பார்த்தேன். அதற்குள் கோலாலம்பூரில் இருக்கும் தங்கையும் கிள்ளானில் இருக்கும் சின்னம்மாவும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மூன்று வீட்டுக்கும் ஒரே விடை பொருந்தவில்லை. ஆனால் மூன்று விடைக்கும் அடிப்படை ஒன்றுதான்: நல்ல தேக்கோ இலையை ஊறவிட வேண்டும், நேரம் வந்ததும் ஊறுவதை நிறுத்தவும் வேண்டும். முதல் வேலையை எந்தப் பாத்திரமும் செய்துவிடும். இரண்டாவதில்தான் பாத்திரங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. அழகும் விலையும் அதற்குப் பிறகு.

முதலில் இலை

தேயிலை என்று ஒரே பெயரில் விற்பது உண்மையில் இரண்டு சரக்கு. ஒன்று சிடிசி. வாட்டிய இலையைப் பல் வைத்த உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டும் முறை. 1930களில் அஸ்ஸாமில் உருவானது. ஒரே நிமிடத்தில் நல்ல சிவப்பு இறங்கும், மூன்று நிமிடத்தில் கடுப்பேறிவிடும். மற்றொன்று ஆர்த்தடாக்ஸ். இலையை உருட்டி முறுக்கிப் பதப்படுத்துவது. இலை முழுதாகவோ பெரிய துண்டாகவோ இருக்கும், மெதுவாக விரியும், மணம் அதிகம்.

பொட்டலத்தின் மேல் ஓபி, பிஓபி என்று இருக்கும் எழுத்துகளைக் கண்டு குழம்ப வேண்டாம். ஓபி என்பது ஆரஞ்சு பெக்கோ. ஆரஞ்சுப் பழத்தின் சுவை அதில் இல்லை. அது இலையின் அளவைச் சொல்லும் தரப்பெயர், அவ்வளவுதான். முன்னால் 'பி' சேர்ந்தால் உடைந்த இலை. பிஓபிஎஃப் என்றால் அதைவிடப் பொடி. டஸ்ட் என்றால் தூள். பால் இல்லாமல் குடிக்க ஓபி அல்லது பிஓபி வாங்குங்கள். சிலோன் தேயிலை வாங்கினால் பெட்டியில் வாள் ஏந்திய சிங்கச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொட்டலம் கட்டியது என்பதற்கு இலங்கைத் தேயிலை வாரியத்தின் அடையாளம் அது.

நம் கேமரன் மலை இலையையும் விட்டுவிடாதீர்கள். 'போ' (BOH) தேயிலை நிறுவனம் 1929இலும் 'பாரத்' நிறுவனம் 1933இலும் தொடங்கியவை. தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் கொழுந்து பறித்த மலை அது. எங்கள் அப்பாயியும் கூடை சுமந்தவர்தான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிய அந்தக் கைகள் வீட்டுக்கு வந்து சட்டியில் கொதிக்கவைத்தது தூளைத்தான். அவர் பறித்த மலையின் இலை இப்போது முழுசாக அப்பாவின் கோப்பையில் விரியும்போது எனக்கு ஒரு நிறைவு வருகிறது. விலை பத்து காசு கூடினாலும் நான் அதை அடிக்கடி வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

'தே' என்ற சொல்லுக்கும் பினாங்குக்கும் உறவு உண்டு. பினாங்குச் சீனர் பலர் பேசும் ஹொக்கியன் மொழியில் 'தே' என்றால் இந்தச் செடிதான். அந்தச் சொல்லோடு நம் 'இலை' சேர்ந்துதான் தேயிலை ஆனது. பினாங்கில் பக்கத்து வீட்டு ஹொக்கியன் ஆச்சி சொல்லும் சொல்லும் நம் சொல்லும் ஒன்றாக இருப்பது அதனால்தான்.

சட்டியும் துணி வடிகட்டியும்

அம்மா போட்ட விதம் சட்டி. தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, பாலும் ஊற்றிப் பொங்கவிட்டு வடிகட்டுவது. கடைக்காரர் போடும் விதம் நீளமான துணி வடிகட்டி. தூளைத் துணியில் கொட்டி, கொதிநீரை ஊற்றி, இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்குவார். இந்த இரண்டையும் தேக்கோவோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுவது சரியில்லை. தூளுக்கும் பாலுக்கும் இவற்றை மிஞ்சிய வழி கிடையாது. துணியின் நெசவு மிகப் பொடியான தூளையும் பிடித்துக்கொள்ளும். தேக்கோவின் மூக்கில் உள்ள ஓட்டைகள் அப்படிப் பிடிக்காது. தூளைத் தேக்கோவில் போட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளும், கோப்பையின் அடியில் சேறு தங்கும், கடைசிக் கோப்பை கசக்கும்.

ஆகவே உங்கள் வீட்டில் பால் தேத்தண்ணிதான் ஓடுகிறது என்றால் தேக்கோ வாங்கவே வேண்டாம். சின்னம்மாவுக்கு நான் சொன்னது அதுதான். சித்தப்பா இன்றும் இரண்டு வேளை பால் தேத்தண்ணி குடிக்கிறார், சீனியைத்தான் குறைத்திருக்கிறார். அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு துணி வடிகட்டி போதும். சில வெள்ளியில் முடிந்துவிடும். துணியை மட்டும் சவர்க்காரம் போடாமல் சுடுநீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும், மாதக்கணக்கில் அதே துணியை ஓட்டக் கூடாது.

இலைத் தேயிலையைச் சட்டியில் கொதிக்கவைப்பது வேறு கதை. கொதிக்கக் கொதிக்க மணம் ஆவியோடு போய்விடும், துவர்ப்பு மட்டும் தங்கும். காசு கொடுத்து வாங்கிய மணத்தை அடுப்பங்கரைக் காற்றில் விட்டதாகிவிடும்.

கழித்துக் கட்டியவை

சங்கிலியில் தொங்கும் ஓட்டை உருண்டை: வேண்டாம். ஊறும்போது இலை பல மடங்கு பெருக்கிறது. உருண்டைக்குள் அதற்கு இடமில்லை. நடுவில் இருக்கும் இலைக்குத் தண்ணீர் சரியாகப் போவதே இல்லை.

கோப்பிக்கான அழுத்துக் குடுவை, அதாவது பிரெஞ்சு பிரஸ், பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் இலை தாராளமாக விரியும், இது பெரிய வசதி. ஆனால் தட்டை அழுத்திய பிறகும் இலை அடியில் அதே தேநீரில்தான் கிடக்கிறது, ஊறல் நிற்பதில்லை. முழுவதையும் உடனே கோப்பைகளில் ஊற்றிவிடுவீர்கள் என்றால் நன்றாகவே வேலை செய்யும். மிச்சம் வைத்தால் பத்து நிமிடத்தில் கசப்பு. இன்னொன்று, கோப்பி போட்ட குடுவையில் தேநீர் போட்டால் வலையில் தங்கிய கோப்பி எண்ணெயின் வாடை வரும்.

வார்ப்பிரும்புத் தேக்கோ பார்க்கக் கம்பீரமாக இருக்கும். தேநீர் போட விற்பவற்றில் உள்ளே எனாமல் பூச்சு இருக்கும், அடுப்பில் வைக்கக் கூடாது. கனமோ கனம். எழுபது வயதுக்காரர் கைக்கு ஏற்றதல்ல.

பியூட்டர் தேக்கோ ஒன்று அண்ணன் கல்யாணத்துக்குப் பரிசாக வந்தது. பியூட்டர் பெரும்பாலும் வெள்ளீயம்; ராயல் செலாங்கோர் 1885இல் கோலாலம்பூரில் தொடங்கியதிலிருந்து இந்த நாட்டின் கைவினை என்றாலே பலருக்கு நினைவில் வருவது அதுதான். விருந்தாளிகள் வரும்போது மேசையில் வைக்க நான் விரும்புகிறேன். தினமும் போட அல்ல. ஒற்றைச் சுவர் உலோகம், கைப்பிடிகூடச் சுடும், கீழே விழுந்தால் நசுங்கும். நெருப்புப் பக்கம் காட்டவே கூடாது, உருகுநிலை அவ்வளவு குறைவு.

சீனாவின் யிசிங் மண் தேக்கோக்களை ஜோர்ஜ்டவுன் கடைகளில் பார்த்தால் கை தானாக நீளும். மெருகு பூசாத மண், உள்ளங்கையில் அடங்கும் அளவு. அவை நிறைய இலை போட்டு, சில வினாடிகளில் ஊற்றி, அதே இலையைத் திரும்பத் திரும்ப ஊறவைத்துக் குடிக்கும் முறைக்கானவை. மெருகு இல்லாத மண் தேநீரின் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் ஒரு தேக்கோவுக்கு ஒரே வகை இலை என்பது அவர்கள் வழக்கம். நிதானமாக உட்கார்ந்து குடிக்கும் ஆளுக்கு அது அருமையான பொருள். மூன்று பேர் மூன்று நேரத்தில் குடிக்கும் எங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை.

எனக்குக் கடைசியில் மிஞ்சியவை நான்கு: கண்ணாடி, இரட்டைச் சுவர் எவர்சில்வர், மெருகிட்ட பீங்கான், அப்புறம் பொத்தான் வைத்த குடுவை.

கண்ணாடி

நான் முதலில் வாங்கியது கண்ணாடி. வாங்கிய இரண்டாம் வாரமே கொதிநீர் ஊற்றியபோது அடியில் 'டக்' என்று கீறல் விட்டது. விற்ற கடையில் சூடு தாங்கும் என்றார்கள். சாதாரணக் கண்ணாடி திடீர்ச் சூட்டில் ஒரு பக்கம் விரிந்து, மறு பக்கம் விரியாமல் வெடித்துவிடும். போரோசிலிக்கேட் கண்ணாடி அந்த அளவு விரிவதில்லை, அதனால் தாங்கும். அடியிலோ பெட்டியிலோ போரோசிலிக்கேட் என்று எழுதியிருந்தால் ஒழிய வாங்காதீர்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

இரண்டாவதாக வாங்கியது நல்ல கண்ணாடி. இலை சுழன்று விரிவதைப் பார்ப்பது உண்மையிலேயே சுகம். அக்காள் மகன் அதற்காகவே வந்து உட்காருவான். நடுவில் ஒரு கம்பிவலைக் கூடை இருக்கும், நேரம் முடிந்ததும் அதைத் தூக்கிவிடலாம். ஊறல் நின்றுவிடும். ஆனால் கூடை ஆழமாக இருக்க வேண்டும். பல குடுவைகளில் கூடை பாதி உயரத்தோடு நின்றுவிடுகிறது. குடுவையை நிறைய நிரப்பினால்தான் தண்ணீர் இலையைத் தொடும். ஒருவருக்குப் போட முடியாது.

கண்ணாடியில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும், எச்சரிக்கையாக இருங்கள்: நிறத்தைப் பார்த்து எடுப்பது. நிறம் முதலில் வந்துவிடும், சுவை பின்னால்தான் வரும். கடிகாரத்தைப் பாருங்கள்.

தே ஓ ஐஸ் லிமாவ், அதாவது ஐஸும் எலுமிச்சையும் சேர்த்த பாலில்லாத் தேத்தண்ணி, போடுபவர்களுக்குக் கண்ணாடியே சரி. கெட்டியாகப் போட்ட நல்ல இலைத் தேநீர் ஆறும்போது கலங்கிப் போகும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். தேநீரில் உள்ள நிறப்பொருளும் காஃபீனும் குளிரில் ஒன்றுசேர்ந்து திரள்வதால் வருவது, நல்ல இலையின் அடையாளம்கூட. எலுமிச்சையைப் பிழிந்தால் சட்டென்று நிறம் வெளுப்பதும் அதே நிறப்பொருள்கள் புளிப்புக்கு மாறுவதால்தான். பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம்.

சூட்டுக் கணக்கு

எவர்சில்வருக்குப் போகுமுன் சூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேநீர் முறைகள் பலவும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. தேக்கோவை முன்பே சூடாக்கு, உறை போட்டு மூடு என்பார்கள். நம் ஊர் வெக்கையில் இதெல்லாம் எதற்கு என்று நானும் முதலில் விட்டுவிட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அரை கிலோ எடையுள்ள பீங்கான் தேக்கோ, அறையின் சூடு 30 டிகிரி. அதில் அரை லிட்டர் கொதிநீர் ஊற்றினால் பாத்திரம் தன் பங்குச் சூட்டை உறிஞ்சிக்கொண்டு, தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரிக்கு இறங்கிவிடும். 15 டிகிரிக் குளிர் சமையலறையில் அதே வேலை செய்தால் 86. அதாவது நம் வெயில் நமக்குத் தரும் லாபம் இரண்டு மூன்று டிகிரிதான். மெல்லிய கண்ணாடி என்றால் 93 அளவில் நிற்கும். உள்சுவர் மெலிந்த எவர்சில்வர் 97. கனத்த வார்ப்பிரும்பு பீங்கானைவிட அதிகமாக உறிஞ்சும்.

88 டிகிரியில் கறுப்புத் தேயிலையின் திடம் சரியாக இறங்காது. தேநீர் தட்டையாக இருக்கும். 95க்கு மேல் இருந்தால் போதும். கேமரன் மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 95 டிகிரியில்தான், அங்கே போடும் தேநீரில் எந்தக் குறையும் இல்லை. ஆகவே பீங்கானில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றி, ஒரு நிமிடம் சுழற்றி, கொட்டிவிட்டுப் போட்டால் இந்தக் குறை தீர்ந்தது. உறை நம் ஊருக்குத் தேவையில்லை. தலைக்கு மேல் சுழலும் காற்றாடியை மட்டும் மெதுவாக வையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு நம் வீடுகளில் பரவலாக உண்டு. நாள் முழுக்கச் சுடுநீர் வைத்திருக்கும் மின்சாரக் குடத்திலிருந்து பிடித்து ஊற்றுவது. அது தண்ணீரைப் பெரும்பாலும் கொதிநிலைக்குக் கீழேதான் வைத்திருக்கும். மைலோவுக்கு அது போதும். இலைத் தேநீருக்குப் புதிதாகக் கொதிக்கவைத்த தண்ணீர் வேண்டும். மற்றபடி தண்ணீர் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். பினாங்குக் குழாயில் வருவது பெரும்பாலும் மூடா ஆற்று நீர், சுண்ணாம்பு குறைந்த மென்னீர். லண்டன் போன்ற ஊர்களில் தேநீர் மேல் படியும் ஆடை இங்கே படிவதில்லை. குளோரின் வாடை அடித்தால் வடிகட்டி வைத்தால் சரியாகிவிடும்.

எவர்சில்வர்

உடையாது, இலேசு, சூட்டை உறிஞ்சாது, நெடுநேரம் தாங்கும். கேட்க எல்லாமே நல்லதாக இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இலை உள்ளேயே கிடக்கும்போது சூடு தாங்குவது குணமல்ல, குறை. பீங்கானில் மிச்சமிருக்கும் தேநீர் ஆற ஆற ஊறலும் மந்தமாகும். இரட்டைச் சுவரில் அரை மணி நேரம் கழித்தும் இலை வேகமாக ஊறிக்கொண்டே இருக்கும். அப்பா இரண்டாவது கோப்பைக்கு வந்தபோது கடையில் சொன்னதையே சொன்னார், "இழுக்குதுய்யா" என்று.

அதே எவர்சில்வர், இலை இல்லாமல் வடிகட்டிய தேநீரை ஊற்றி வைக்க மிகச் சிறந்த பாத்திரம். இது புரிந்ததும் எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது. போடுவதற்கு ஒரு பாத்திரம், வைத்திருப்பதற்கு ஒன்று. இரண்டு வேலையையும் ஒரே பாத்திரத்திடம் கேட்டதுதான் தொந்தரவு. நம் வீடுகளில் பிளாஸ்க் இல்லாத வீடே கிடையாது, வைத்திருக்கும் வேலைக்கு அதுவே போதும்.

பீங்கான்

தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் பயன்படுத்துவது வெள்ளைப் பீங்கான் அல்லது மெருகிட்ட மண் பாத்திரம். ஐஎஸ்ஓ 3103 என்று 1980இல் வந்த தர வரையறையே உண்டு: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம், பிறகு முழுவதையும் கிண்ணத்தில் வடித்துவிட வேண்டும். வீட்டில் குடிக்க அந்தக் கணக்கு மிகக் கடுப்பு. அது இலையின் குறைகளையெல்லாம் வெளியே இழுத்துக் காட்டுவதற்காக வைத்த அளவு. ஆனால் அதில் நமக்கும் பயன்படுவது ஒன்று உண்டு. இலையைக் கூடையில் அடைக்காமல் பாத்திரம் முழுக்க விரியவிடுகிறார்கள், நேரம் முடிந்ததும் சொட்டு விடாமல் வடித்துவிடுகிறார்கள்.

நானும் அதைத்தான் செய்கிறேன். 600 மில்லி பிடிக்கும் வெள்ளைப் பீங்கான் தேக்கோ. கொதிநீரில் சூடாக்குகிறேன். 6 கிராம் இலை, அரை லிட்டர் கொதிநீர். பிஓபி என்றால் 3 நிமிடம், முழு இலை என்றால் 4 முதல் 5. டார்ஜிலிங் முதல் பறிப்பு கிடைத்தால் கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு 3 நிமிடம். மணி அடித்ததும் சிறு வடிகட்டி வழியாக முழுவதையும் பிளாஸ்க்கில் வடித்துவிடுகிறேன். அப்பா பதினொரு மணிக்கு ஊற்றிக் குடிக்கும் கோப்பை ஏழு மணிக் கோப்பையைவிடக் கடுப்பதில்லை. புதிதாகப் போட்ட மணம் கொஞ்சம் குறையும், அது உண்மை. அவருக்கு வேண்டியது துவர்ப்பு ஏறாத இரண்டாம் கோப்பை, அது கிடைக்கிறது.

இலையைக் கரண்டியால் அளப்பதை விட்டுவிட்டேன். ஒரு தேக்கரண்டி முழு இலையின் எடையும் ஒரு தேக்கரண்டி தூளின் எடையும் ஒன்றல்ல, தூள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கும். சிறிய மின்தராசு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. தேக்கோவில் செலவழிப்பதைவிட அதில் செலவழித்தது எனக்கு அதிகப் பலன் தந்தது.

பீங்கானின் குறை உடைவதுதான். மூக்கு நுனிதான் முதலில் போகும், குழாயில் இடித்து. கழுவும் தொட்டியில் வேறு பாத்திரங்களோடு போடாமல் தனியாக வையுங்கள்.

பொத்தான் வைத்த குடுவை

சீனர் தேயிலைக் கடைகளில் கிடைப்பது. மேலே ஒரு சிறு அறை, கீழே கண்ணாடிக் குடுவை. மேலறையில் இலையும் நீரும் ஊறும். மூடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் அடியில் ஒரு வால்வு திறந்து தேநீர் முழுவதும் கீழே இறங்கிவிடும். இலை மேலேயே நின்றுவிடும். நிறுத்தும் வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்யும் பாத்திரத்தை நான் வேறு பார்க்கவில்லை. நல்ல முழு இலை என்றால் மறுபடி நீர் ஊற்றி இரண்டாம் முறையும் போடலாம், நேரத்தை ஒரு நிமிடம் கூட்டிக்கொண்டு.

இதன் மேலறை பலவற்றில் பிளாஸ்டிக். கொதிநீர் படும் இடத்தில் பிளாஸ்டிக் எனக்கு உவப்பில்லை. முழுக்கக் கண்ணாடியில் வருவதும் உண்டு, விலை கூடுதல். வால்வில் பொடி சிக்கினால் சொட்டிக்கொண்டே இருக்கும், ஆகவே தூளுக்கு ஆகாது. மேலறை சிறியது, ஒரு தடவைக்கு ஒரு கோப்பைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கோலாலம்பூர் செத்தாபாக்கில் அடுக்குமாடியில் தனியாக இருந்து வேலைக்குப் போகும் தங்கைக்கு இதைத்தான் வாங்கச் சொன்னேன். காலையில் ஒரு கோப்பை, இரவில் அதே வேலை. பீங்கான், பிளாஸ்க், வடிகட்டி என்று மூன்றைக் கழுவ அவளுக்கு நேரமில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

பீங்கான் என்று முடிவு செய்துவிட்டால், கடையில் கொஞ்சம் தண்ணீர் கேட்டு ஊற்றிப் பாருங்கள். தயங்க வேண்டாம், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊற்றி நிறுத்தும்போது மூக்கு நுனியில் சொட்டு ஓடி வயிற்றில் வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் மேசைத் துணி தினமும் கறைதான். மூடியில் சிறு துளை இருக்க வேண்டும். அது வழியாகக் காற்று புகுந்தால்தான் தேநீர் திக்காமல் விழும். ஊற்றும்போது அந்தத் துளையை விரலால் மூடினால் ஒழுக்கு நின்றால் மூடி நன்றாகப் பொருந்துகிறது என்று அர்த்தம். மூக்கின் நுனி பாத்திரத்தின் வாய் உயரத்துக்கு இருக்க வேண்டும், தாழ்வாக இருந்தால் முழுக்க நிரப்ப முடியாது. மூக்கு தொடங்கும் இடத்தில் உள்ளே பல சிறு துளைகள் இருப்பது நல்லது. ஒரே பெரிய ஓட்டை என்றால் இலை அடைக்கும். கடைசியாகக் கைப்பிடிக்குள் விரல்களை விட்டு, முட்டி பாத்திரத்தில் படுகிறதா என்று பாருங்கள். படும் என்றால் சூட்டில் பிடிக்க முடியாது.

வெள்ளை நிறமே வாங்குங்கள். கழுவிய பிறகு உள்ளே கறை இருக்கிறதா என்று தெரியும். கறை பிடித்தால் ஒரு தேக்கரண்டி சோடா மாவும் சுடுநீரும் இரவு ஊறவைத்தால் போய்விடும், தேய்க்கக்கூட வேண்டாம்.

நம் ஊர் ஈரத்தைப் பற்றி ஒன்று. கழுவிய தேக்கோவை மூடி போட்டு அலமாரியில் வைத்தால் இரண்டு நாளில் பூசணம் வாசம் வந்துவிடும். மூடியைத் தனியாகத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். இலைக்கும் அதே ஈரம்தான் எதிரி. கண்ணாடிப் புட்டியில் வெளிச்சம் படும்படி வைக்காமல், இறுக்கமான தகர டப்பாவில், அடுப்புக்கும் மசாலாப் பெட்டிக்கும் எட்ட வையுங்கள். குளிர்ப்பெட்டியில் வேண்டாம், வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் டப்பாவுக்குள் நீர் கோக்கும். ஒரு மாதத்தில் குடித்து முடிக்கும் அளவுக்கு வாங்கினால் போதும், மலிவு என்று கிலோவாக வாங்கி வைக்காதீர்கள்.

ஒரு கேள்வி மட்டும் தீபாவளிக்கு வந்தது: இருபது பேர் வந்தால் பெரிய தேக்கோ ஒன்று வாங்கிவிடலாமா என்று அம்மா கேட்டார். ஒன்றரை லிட்டர் அளவில் ஒன்றைக் கடையில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் நிரம்பினால் ஒரு கையால் சாய்க்க முடியாது, மெதுவாகச் சாய்த்தால் வடிவதற்குள் அடியில் உள்ளது கடுத்துவிடும். அதற்குப் பதில் எங்களிடம் உள்ளது போலவே இன்னொரு 600 மில்லி வாங்கினோம். ஒன்று ஊறும்போது மற்றது பிளாஸ்க்குக்குள் வடிகிறது. அண்ணனின் பியூட்டர் தேக்கோவில் ஊற்றி அம்மா கூடத்துக்குக் கொண்டுபோகிறார். அன்று காலை ஒன்பது மணி முதல் மதியம் வரை இந்த இரண்டும் ஓயவில்லை. அப்பாவின் கூட்டாளிகளில் இருவர் பால் கேட்காமல் குடித்துவிட்டு, என்ன இலை என்று பெயர் எழுதி வாங்கிப் போனார்கள்.